முகத்துக்கு ஜன்னல் வெட்டாத அட்டை

ஒரு பிரிஸ்டல் அட்டையில் ஐந்து ஜன்னல் வெட்டிவிட்டு, என்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. புதிதாகச் சித்திர ஆசிரியர் நியமனம் பெற்றுப் பாடசாலைகளுக்குப் போகும் உங்களுக்கு அந்த அட்டையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பாடத்திட்டமும் பாடக்குறிப்பு எழுதும் முறையும் அலுவலகத்தில் தருவார்கள். அட்டை வெட்டும்போது நம் கை எந்த இடத்தில் தயங்குகிறது என்பதை நாமே கவனித்தால்தான் உண்டு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கல்முனைப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குச் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் மொத்தம் ஐந்து பிள்ளைகள். அதில் ஒருத்தி என் மகள் ஸப்னா. சொந்தப் பிள்ளைக்குப் படிப்பிப்பதைப்போல நடுக்கமான வேலை வேறில்லை. மற்றப் பிள்ளை பிழை விட்டால் சிவப்புப் பேனையால் ஒரு கோடு, அவ்வளவுதான். என் பிள்ளை பிழை விட்டால் எனக்குச் சோறு இறங்காது. சித்திரத்தில் நல்ல பெறுபேறு வந்தால்தான் அவளுக்குப் பல்கலைக்கழகம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லுவேன். அவள் ஒரு தடவையும் பதில் சொல்லமாட்டாள்.

அந்த வருடம் நாங்கள் படிக்கவேண்டிய மறுமலர்ச்சிக் காலப் படங்களில் ஒன்று, வெனிஸ் நகரத்து ஓவியர் ஒருவர் வரைந்தது. கட்டிலில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெண். உடம்பில் உடுப்பு இல்லை.

இப்போதும் அந்தப் படத்தைச் சொல்லத் தொடங்கினால் எனக்கு வேகம் வந்துவிடுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை விரிப்பில் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள். விரிப்பு விலகிய இடத்தில் சிவப்பு மெத்தை எட்டிப் பார்க்கிறது. ஒரு கையில் ரோஜாக் கொத்து, அதில் ஒன்று நழுவிக் கீழே கிடக்கிறது. கால்மாட்டில் ஒரு சின்ன நாய் சுருண்டு தூங்குகிறது. அவளுக்குப் பின்னால் தொங்கும் இருண்ட திரை, படத்தின் சரிநடுவில் நூல் பிடித்தாற்போல முடிந்துவிடுகிறது. அது முடிகிற இடத்தில் இன்னொரு உலகம் தொடங்குகிறது: பகல் வெளிச்சம், சதுரக் கல் பதித்த தரை, தூரத்தில் இரண்டு பணிப்பெண்கள். ஒருத்தி முழங்காலில் நின்று ஒரு பெட்டகத்துக்குள் தலையை விட்டு எதையோ தேடுகிறாள். மற்றவள் சட்டைக் கையைச் சுருட்டியபடி நிற்கிறாள். அப்பால் ஜன்னலில் ஒரு தொட்டி, அதில் இலை உதிராத ஒரு செடி.

அந்த உடம்பின் ஓரத்தில் கோடு எங்கே என்று தேடிப் பாருங்கள். கிடைக்காது! எண்ணெயில் கரைத்த நிறத்தைக் கண்ணாடித்தாள்போல மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. வெளிச்சம் எல்லாப் பூச்சையும் தாண்டி உள்ளே போய்த் திரும்பி வருகிறது. அதனால்தான் தொட்டால் சுடும்போல அந்தத் தோல் இருக்கிறது. முதல் தடவை பார்த்தபோது நான் ஆசிரியை என்பதை மறந்து அரை மணித்தியாலம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்து முடித்த பிறகு பயம் வந்தது. இதை எப்படி எங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுவது?

படம் இருந்தது ஒரே ஒரு வண்ணப் புத்தகத்தில். எங்கள் பகுதி முழுவதுக்கும் அந்த ஒரு பிரதிதான். காரைதீவிலிருந்து வரும் சித்திர ஆலோசகர் அதைச் சொப்பிங் பேக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி, பாடசாலை பாடசாலையாகக் கொண்டு திரிவார். இந்த வேலையில் நான் நிமிர்ந்து நின்றதற்கு அவர்தான் காரணம். பெயரை எழுதினால் கோபிப்பார், விடுகிறேன். அந்தத் தவணை புத்தகத்தை என்னிடம் விட்டுப்போயிருந்தார். நான் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டி, பக்கத்தின் அளவுக்குப் பிரிஸ்டல் அட்டை வெட்டி, படத்தின்மேல் கிளிப்பால் பொருத்தினேன். பிறகு அட்டையில் ஜன்னல்கள் வெட்டினேன். காலும் நாயும் தெரிய ஒன்று. பூப்பிடித்த கைக்கு ஒன்று. பணிப்பெண்களுக்கும் பெட்டகத்துக்கும் ஒன்று. செடிக்கு ஒன்று. திரையின் ஓரமும் வெள்ளை விரிப்பும் சிவப்பு மெத்தையும் தெரிய ஒன்று.

முகத்துக்கும் பென்சிலால் ஒரு சதுரம் போட்டேன். வெட்டும் பிளேட்டை வைக்கப் போனபோது, அட்டையைத் தூக்கி அந்த முகத்தை இன்னொரு தடவை பார்த்தேன். அந்தப் பெண் படத்துக்குள் இருக்கிற யாரையும் பார்க்கவில்லை, நேரே என்னைப் பார்க்கிறாள். வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. முகத்தில் மறைக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் என் மகளை உட்காரவைக்க என்னால் முடியவில்லை. பென்சில் கோட்டை அழித்துவிட்டு பிளேட்டைக் காகிதத்தில் மடித்து வைத்தேன்.

சொற்களையும் அப்படியே வெட்டினேன். மணப்பெண், கட்டில், காத்திருத்தல் எல்லாவற்றையும் விலக்கினேன். நாய் விசுவாசத்தின் அடையாளம் என்றேன். நழுவும் பூ, அழகு நிலைக்காது என்பதைச் சொல்கிறது என்றேன். உதிராத இலை, முடியாத அன்பு. பணிப்பெண்கள் தலைவிக்குத் துணி எடுக்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பிழையில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்து சத்தமில்லாமல் எழுதினார்கள். ஒருத்தி லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தாள். சளித் தடிமன் என்று நினைத்தேன். பாடம் முடிந்து வெளியே வரும்போது கால் தரையில் படவில்லை எனக்கு. இவ்வளவு சிக்கலான படத்தை இவ்வளவு மரியாதையாக யார் படிப்பித்திருப்பார்கள்!

பரீட்சைக்கு முன்னால் நடக்கும் முன்னோடிப் பரீட்சையில் அந்தப் படம் வந்தது. வினாத்தாளில் படம் அச்சிடவில்லை, பெயர் மட்டும்தான். அதன் உணர்வு, நுட்பம், குறியீடு ஆகியவற்றை விளக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்து பேரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள்.

விடைத்தாள் திருத்தியவர் ஆலோசகர். யுத்த காலம், ரோட்டில் படையினரின் சோதனை கூடிய நாட்கள் அவை. மூன்று மணிக்கெல்லாம் சைக்கிளைத் திருப்பிவிடுகிறவர், அன்று மூன்று மணிக்குத்தான் வந்தார். ஐந்து தாள்களையும் மேசையில் வைத்தார்.

"டீச்சர், உங்கட அஞ்சு பிள்ளையளும் செத்த வீட்டைப் பத்தி எழுதியிருக்குதுகள்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வேறு வகுப்புத் தாள்கள் மாறி வந்துவிட்டனவா என்று கேட்டேன்.

"இல்ல. அந்தப் படத்தைப் பத்தித்தான். ஒண்டைப் பார்த்து ஒண்டு எழுதினதுமில்ல, ஒவ்வொண்டும் வேற வேற மாதிரி. எல்லாம் பிழை. ஆனா இப்பிடி ஒரு விடை நான் வாசிச்சதில்ல டீச்சர். இதை முதல்ல படியுங்க."

அவர் நீட்டியது ஸப்னாவின் தாள். அதில் இப்படி எழுதியிருந்தது:

"இப்படத்தின் உணர்வு துக்கமாகும். அந்த வீட்டுப் பெண் மரணித்துவிட்டாள். அவளுடைய கைக்குப் பிடிக்கும் பலம் போய்விட்டதால் பூக்கள் நழுவுகின்றன. ஒரு பெண் குளிப்பாட்டுவதற்காகச் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள். மற்றவள் உடம்பைச் சுற்றுவதற்குக் கபன் துணி தேடுகிறாள். அவள் அழுவதால் பெட்டகத்திலிருந்து தலையை வெளியே எடுக்கவில்லை. ஜன்னலில் உள்ள செடி, அடக்கிய பிறகு கபுறில் நடுவதற்கு வைக்கப்பட்டுள்ளது. நாய் வீட்டுக்குள் வந்து படுத்திருக்கிறது. அதைத் துரத்த அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை."

கடைசி வரியை இரண்டாம் தடவை வாசித்தேன்.

அந்த நாயை எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் என் தங்கச்சி, ஸப்னாவின் சாச்சி, செங்கமாரியில், கண்ணும் உடம்பும் மஞ்சளாகி, மவுத்தானாள். முப்பத்தொரு வயது. மையித்தைக் குளிப்பாட்ட ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது தெருநாய் ஒன்று வீட்டுக்குள் வந்து தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் படுத்தது. மற்ற நாளென்றால், நாய் பட்ட இடம் அசுத்தம் என்று, தும்புத்தடியோடு நாலு பேர் ஓடியிருப்போம். அன்று அதைக் கண்டும் ஒருவரும் எழும்பவில்லை. ஆனால் ஸப்னா அதைக் கண்டிருக்க வழியில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு நாலு நாள் இருந்ததால், பிள்ளை பயந்துவிடுவாள் என்று அவளைப் பின் அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தேன். எல்லாரும் கடைசியாக முகம் பார்க்கும் நேரத்தில்கூட அவளைக் கூப்பிடவில்லை.

பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது என்று ஆலோசகர் ஞாபகப்படுத்தினார். பிழையான படத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் அந்த வினாவே போய்விடும், அதோடு பெறுபேறும் போய்விடும். என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. என் அட்டையைக் கையிலெடுத்து, ஜன்னல்களில் விரலை விட்டுப் பார்த்தார். "முகம் எங்க டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். அன்று அவர் புறப்படும்போது நான்கரை.

வீட்டுக்குப் போய், ஸப்னா தேங்காய் துருவிக்கொண்டிருந்த இடத்தில் போய் நின்றேன். தாளைக் காட்டினேன். அவள் துருவுவதை நிறுத்தவில்லை.

"அந்த நாயை நீ எங்க கண்டாய் மகள்?"

"கதவு நீக்கலுக்குள்ளால பார்த்தன்" என்றாள். "சாச்சிட காலு தெரிஞ்சிச்சி. வெள்ளத் துணி தெரிஞ்சிச்சி. மாமி கையச் சுருட்டினா. நாய் தெரிஞ்சிச்சி. முகம் தெரியல்ல."

வகுப்பில் ஏன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை என்றேன்.

"கேக்குறத்துக்கு என்ன இரிக்கி உம்மா. உங்கட அட்டையும் அந்தக் கதவு மாதிரித்தானே. காலு இரிக்கி, கையி இரிக்கி, முகத்த மூடிட்டீங்க. மவுத்தான ஆளெண்டுதான் மூடியிருக்கீங்க எண்டு நினைச்சன். மத்தவளுகளுக்கும் நான்தான் சொன்னன்."

உண்மையில் எனக்கு அந்த நேரம் தோன்றியது அழுகை இல்லை. ஒரு பெரிய ஆச்சரியம்தான்! ஐந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, ஒரு பொருளும் விடுபடாமல், எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கட்டியிருக்கிறாள். படம் வாசிப்பது என்றால் இதுதான். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு நான்தான் படத்தைக் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் பாடசாலையின் பிரதி அதிபரிடம் போய் விசயத்தைச் சொன்னேன், படத்தை முழுதாகக் காட்டாமல் இனி வழியில்லை என்றும் சொன்னேன். அவர் நல்ல மனுசி, ஒளிவுமறைவில்லாதவர். "முடிவ நீங்க எடுங்க டீச்சர். பிரச்சின வந்தா எனக்கு ஒண்டும் தெரியாது எண்டுதான் சொல்லுவன்" என்றார். அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. ஒரு வீட்டிலிருந்து எதிர்ப்பு வந்தாலும் சித்திர வகுப்பே நின்றுபோகும். ஸப்னாவோடு சேர்த்து ஐந்து பிள்ளைகளும் நடுவழியில் நிற்பார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் என்னைக் கவனிக்கவேண்டும். ஒளித்துக் காட்டலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். பிள்ளைகளிடம் "வீட்டில் சொல்லவேண்டாம்" என்று கேட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் காட்டி மூடிவிடலாம். இரண்டு நாள் அந்த யோசனையோடு திரிந்தேன். பிறகு, பின் அறைக் கதவுக்கும் அட்டைக்கும் அடுத்து இது மூன்றாவது கதவு என்று எனக்கு உறைத்தது. ஐந்து உம்மாமாரையும் சனிக்கிழமை காலையில் வரச் சொல்லிப் பிள்ளைகளிடம் கடிதம் கொடுத்தேன். ஐந்தில் ஒருத்தி நான்தான், ஆகவே நான்கு பேர். நால்வரும் வந்தார்கள். பிள்ளைகளை வெளியே மர நிழலில் இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, முன்னோடிப் பரீட்சையில் நடந்ததைச் சொன்னேன். பிறகு கிளிப்பைக் கழற்றி அட்டையைத் தூக்கினேன்.

ஒருவர் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

முதலில் வாய் திறந்தவர் மருதமுனையிலிருந்து வந்திருந்த உம்மா. கைத்தறியில் நெய்கிறவர். குனிந்து, கண்ணைச் சுருக்கி, மிக நிதானமாகப் பார்த்தார்.

"இவளையா எங்கட புள்ளயள் மையித்து எண்டு எழுதினதுகள்?" என்றார். "இவ எங்க மவுத்து. ஆரையோ வரச் சொல்லிப்போட்டு இரிக்கா."

பக்கத்தில் நின்றவர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது. இன்னொருவர் முகத்தைச் சுளித்தபடி, சீலையில்லாமல் என்னத்துக்குக் கிடக்கிறாள் என்று என்னைக் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் நெசவுக்கார உம்மா முந்திக்கொண்டார்.

"சீலையத்தானே, ராத்தா, பின்னால எடுக்குறாளுகள். பெட்டகத்தப் பாருங்க. இது கலியாண வீடு. வாப்பா பாவம், தரைக்குக் கல்லும் பதிச்சுக் குடுத்திருக்காரு."

நான்கு பேரும் சிரித்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்த அன்றே அவளுக்கு வீடு கட்டும் யோசனை தொடங்கிவிடும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். நானூறு ஐநூறு வருடத்துக்கு முந்திய வெனிஸ் நகரத்து அறையை அவர்கள் ஒரு நொடியில் தங்கள் மகளின் புது வீடாகக் கண்டுவிட்டார்கள். நான் வாரக்கணக்கில் மறைத்துவைத்த பொருள் அதுதான்! பெட்டகம் மணப்பெண்ணின் பெட்டகம், இலை உதிராத செடி கலியாணத்தின் செடி, ரோஜா ஆசையின் பூ, நாய் புருசன் பெண்சாதிக்குள் இருக்கவேண்டிய விசுவாசம். நான் படபடவென்று சொல்லச் சொல்ல அவர்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார்கள், ஏற்கெனவே தெரிந்ததை நான் பிந்திச் சொல்வதைப்போல.

இன்னுமொன்று. நெசவுக்கார உம்மா விரலைப் பக்கத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், தொடாமல், அந்தத் தோலின்மேல் ஓட்டினார். "நீளத்துக்குச் சிவப்பு நூலக் கட்டி, குறுக்க வெள்ளைய ஓட்டினா எங்கட தறியில இப்புடித்தான் வரும் டீச்சர். வெள்ளதான் தெரியும், ஆனா உள்ளுக்குச் சிவப்பு இரிக்கி எண்டு கண்ணுக்கு விளங்கும்" என்றார். எண்ணெய்ப் பூச்சுப் பற்றி நான் மூன்று பாடத்தில் சொல்லி விளங்காததை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். எனக்கு எழும்பி அவர் கையைப் பிடிக்கவேண்டும்போல இருந்தது. பிடித்தும் விட்டேன்.

முகம் சுளித்தவர் மட்டும் இறங்கி வரவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தன் பிள்ளை எதைப் பார்க்கவேண்டும் என்பதை டீச்சரும் முடிவெடுக்கக்கூடாது, மற்ற உம்மாமாரும் முடிவெடுக்கக்கூடாது என்றார். கடைசியில் வழி சொன்னவரும் அவரே. அவரவர் பிள்ளைக்கு அவரவர் உம்மா அட்டையைத் தூக்கிக் காட்டட்டும், தனக்குச் சரியென்று படுகிற அளவுக்கு.

அப்படியே நடந்தது. ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிட்டோம். நெசவுக்கார உம்மா முழு அட்டையையும் எடுத்துவிட்டு மகளோடு தறிக்கதை பேசினார். முகம் சுளித்தவர் கழுத்துவரைக்கும் தூக்கிக் காட்டி மூடினார். அந்தப் பிள்ளை "உசிரோட இரிக்கா" என்று வாயைப் பிளந்தது. அதற்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

கடைசியாக ஸப்னா வந்தாள். இப்போது நான் டீச்சர் இல்லை. அட்டையின் விளிம்பைப் பிடித்தேன். முழுதாக எடுத்துக் கீழே வைத்தேன். அவள் உடம்பைப் பார்க்கவில்லை, நாயைப் பார்க்கவில்லை. அந்த முகத்தை மட்டும் பார்த்தாள், அந்த முகமும் அவளைப் பார்த்தது. பிறகு படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"சாச்சிட முகம் கடைசில எப்புடி உம்மா இருந்திச்சி?"

நான் சொன்னேன். மஞ்சளாக இருந்தது, ஆனால் நெற்றிச் சுருக்கம் போய்விட்டிருந்தது. வாயின் ஒரு ஓரம், அவள் உன்னைக் கேலி பண்ணும்போது போகிறதுபோல, கொஞ்சம் மேலே போயிருந்தது. மூன்று வருடம் சொல்லாததை இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தேன். அவள் கேட்டுக்கொண்டு தலையாட்டினாள். பிறகு கொப்பியைத் திறந்து, "திரையைப் பத்திச் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.

மிச்சமிருந்த நாட்களில் எப்படிப் படிப்பித்தேன் என்று கேட்காதீர்கள், பறந்தேன்! அந்த அட்டை இப்போதும் என்னிடம் இருக்கிறது. மறைக்கவே கூடாது என்று நான் உங்களுக்குச் சொல்லவரவில்லை. நாம் வேலை செய்கிற ஊர்களில் சில வேளை மறைக்கத்தான் வேண்டிவரும். ஆனால் உங்கள் கை எந்த இடத்தில் தயங்கியதோ அந்த இடத்துக்கு இன்னொரு தடவை திரும்பிப் போய்ப் பாருங்கள். அந்தப் படத்தின் உயிர் முழுவதும் நான் பென்சிலால் போட்டு அழித்த சதுரத்துக்குள் இருந்தது.

பரீட்சையன்று மண்டப வாசலில் மற்ற உம்மாமாரோடு நின்றேன். மறுமலர்ச்சிக் காலப் படங்களில் விரும்பிய ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்களாம். ஸப்னா வெளியே வந்ததும், எந்தப் படம், என்ன எழுதினாய், முதல் வரி என்ன என்று மூச்சு விடாமல் கேட்டேன்.

"'இந்தப் பெண் உயிரோடு இருக்கிறாள்' எண்டு தொடங்கினன்" என்றாள்.

"பிறகு?"

"எல்லாம் எழுதினன். திரை, பெட்டகம், பூ, செடி, தறி நூல். நாயைப் பத்தியும் எழுதினன். அதை ஏன் ஒருத்தரும் துரத்தல்ல எண்டு."

என்ன காரணம் எழுதினாய் என்று கேட்டேன்.

"கலியாண வீட்டுலயும் ஆருக்கும் நேரமில்லதானே உம்மா" என்று சொல்லிவிட்டு, வாயின் ஒரு ஓரத்தை மட்டும் மேலே தூக்கிச் சிரித்தாள்.